பல் வைத்தியத்தில் லேசர் ஒளி

பல் வைத்திய நிலையங்கள் சிலவற்றின் வாசலில் "லேசர் சிகிச்சை செய்யப்படும்" என்று எழுதிய பலகையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதைக் கண்டவுடன் நம்மவர்கள் மனத்தில் இரண்டு எண்ணங்கள் உண்டாகின்றன. ஒன்று, இனிமேல் பல் வைத்தியத்தில் வலியே கிடையாது என்பது. மற்றொன்று, அதற்குப் பணம் அதிகம் வேண்டும், இப்போது நம்மால் ஆகாது என்பது. இந்த இரண்டு எண்ணங்களும் சேர்ந்து ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை நான் நேரில் கண்டேன். ஆகையினால்தான் இதை எழுத முற்பட்டேன்.

என் கடைக்கு வாடிக்கையாக வரும் பெரியவர் ஒருவர், நானா என்று நான் அழைப்பவர், கீழ்க் கடைவாய்ப் பல்லில் குடைச்சலோடு நடமாடிக்கொண்டிருந்தார். குளிர்ந்த தண்ணீர் பட்டால் முகத்தைச் சுளிப்பார். "வைத்தியரிடம் போய்க் காட்டக் கூடாதா, நானா?" என்று கேட்டேன். "அந்தக் குடைகிற யந்திரத்தின் சத்தம் கேட்டாலே எனக்கு உயிர் போகிறது, தம்பி. லேசர் என்று ஒன்று வந்திருக்கிறதாம், வலியே இல்லையாம். பணம் சேர்ந்ததும் அதையே செய்துகொள்கிறேன்" என்றார். இப்படியே எட்டு மாதம் போயிற்று. ஒன்பதாவது மாதம் கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்துவிட்டது. பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லாமற் போயிற்று. பிடுங்கிய வைத்தியர் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் லேசர் என்றால் என்ன என்று பார்ப்போம்.

லேசர் என்பது ஒளி. வேறொன்றுமில்லை. விளக்கின் ஒளியில் பல நிறங்கள் கலந்திருக்கின்றன. அது நாலா பக்கமும் சிதறிப் போகிறது. லேசர் ஒளியோ ஒரே நிறமுடையது. ஒரே திசையில், அலையோடு அலை ஒத்து, கலையாமல் செல்வது. ஆகவே அதைக் கடுகினும் சிறிய ஓர் இடத்தில் குவித்து, அங்கே மட்டும் பெரும் உஷ்ணத்தை உண்டாக்க முடிகிறது. இத்தகைய ஒளிக்கு அடிப்படையான தத்துவத்தை 1917ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன் எழுதிவைத்தார். ஆனால் அதைச் செய்து காட்ட 43 வருஷங்கள் ஆயின. 1960ஆம் ஆண்டு மே மாதம் 16ந் தேதி, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மாலிபு என்னும் ஊரில், தியோடர் மைமன் என்பவர் செயற்கை மாணிக்கக் கல் ஒன்றின்மேல் பளீரென்ற விளக்கைப் பாய்ச்சி, அதிலிருந்து முதல் லேசர் ஒளியைப் பெற்றார். மாணிக்கத்திலிருந்து வந்ததால் அது சிவப்பு.

பல் வைத்தியர்கள் இதை விட்டுவைக்கவில்லை. 1964இலேயே கலிபோர்னியா சர்வகலாசாலையில் ஸ்டெர்ன், சோக்னாஸ் என்ற இருவர் மாணிக்க லேசரைப் பல்லின்மீது பாய்ச்சிப் பார்த்தனர். அடுத்த வருஷம் லியோன் கோல்ட்மன் என்ற தோல் வைத்தியர், தம் சொந்தச் சகோதரரின் பல்லிலேயே இரண்டு முறை அந்த ஒளியைச் செலுத்தினார். சகோதரர் பெர்னார்ட் ஒரு பல் வைத்தியர். வலிக்கவில்லை என்றார் அவர். பல்லின் மேற்புறம் மட்டும் சற்றுப் பழுதுபட்டது. உலகத்தில் உயிருள்ள மனிதப் பல்லில் லேசர் பட்டதைப் பற்றிய முதல் செய்தி இதுவே. தம்பியோ அண்ணனோ, உடன்பிறந்தவனைத் தவிர வேறு யார் இதற்கு வாயைத் திறந்து காட்டுவார்!

ஆனால் அந்த முயற்சி அத்துடன் தடைப்பட்டது. காரணம் உஷ்ணம். பல் ஒரு கல் அன்று. வெளியே எனாமல், அதற்குள் டென்டின், அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த மென்மையான உயிர்ச் சதை இருக்கிறது. இந்த உயிர்ச் சதை எவ்வளவு சூடு தாங்கும் என்பதை 1965இல் சாக், கோஹன் என்ற இருவர் குரங்குகளின் பற்களில் சோதித்தார்கள். உள்ளே 5.5 டிகிரி சென்டிகிரேட் மட்டும் சூடு ஏறினால் நூற்றுக்கு 15 பற்களில் உயிர்ச் சதை மீளவில்லை. 11 டிகிரி ஏறியபோது நூற்றுக்கு 60 செத்தன. 16 டிகிரிக்கு மேல் ஏறியபோது ஒன்றும் தப்பவில்லை. நாம் குடிக்கும் தேநீரின் சூடு வாயில் பட்டுப் போய்விடும். பல்லுக்குள் இறங்கித் தங்கும் சூடு வேறு. மாணிக்க லேசர் பல்லை வெட்டவும் செய்தது, உள்ளே சுடவும் செய்தது. அதே சமயத்தில், 1957இல் வாஷிங்டன் நகரத்து போர்டன் என்பவர் வெளியிட்ட காற்றுச் சுழல் யந்திரம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 3 லட்சம் சுற்றுச் சுற்றி, தண்ணீரைத் தெளித்துக்கொண்டே பல்லைக் குடைந்தது. அதற்கு முன்னால் லேசர் நிற்க முடியவில்லை.

பிறகு எப்படி லேசர் திரும்பி வந்தது? இங்கேதான் விஷயத்தின் சாரம் இருக்கிறது. சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

வெயிலில் ஒரு கறுப்புத் துணியையும் ஒரு வெள்ளைத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவையுங்கள். சிறிது நேரம் சென்று தொட்டால் கறுப்புத் துணி சுடும், வெள்ளைத் துணி அவ்வளவு சுடாது. வெயில் ஒன்றுதான், வாங்கிக்கொள்ளும் பொருள்தான் வேறு. லேசரும் அப்படியே. ஒளியை ஒரு பொருள் வாங்கிக்கொண்டால்தான் அந்த இடத்தில் வேலை நடக்கும். வாங்காவிட்டால் ஒளி திரும்பிப் போகும், அல்லது ஊடுருவி அப்பால் போய்விடும். எந்த நிற ஒளியை எந்தப் பொருள் வாங்குகிறது என்பதே கணக்கு. நிறத்தை அலைநீளத்தால் அளக்கிறார்கள். அளவின் பெயர் நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒன்று. நம் கண்ணுக்குத் தெரிவது ஏறத்தாழ 400 முதல் 700 வரையுள்ள ஒளிதான். பல் வைத்தியத்தில் வெட்டுவதற்குப் பயன்படுத்தும் லேசர்களில் பெரும்பாலானவை அதற்கு அப்பாற்பட்டவை. ஆகையால் அவற்றின் ஒளி கண்ணுக்கே தெரியாது. குறி பார்ப்பதற்காகச் சிறு சிவப்பு ஒளி போன்ற ஒன்றைத் துணைக்குச் சேர்த்துவைத்திருக்கிறார்கள்.

வாயில் இருக்கும் பொருள்கள் என்ன? தண்ணீர், பல்லின் சுண்ணாம்புச் சத்து, இரத்தத்தின் சிவப்பு, தோலுக்கும் ஈறுக்கும் கறுப்பைத் தரும் மெலனின். ஒவ்வொன்றுக்கும் பிடித்த ஒளி வேறு. எனவே லேசர் என்று ஒரே கருவி கிடையாது. பல்லுக்கு ஒன்று, ஈறுக்கு ஒன்று, பரிசோதனைக்கு ஒன்று. பலகையில் ஒரே சொல்லாக எழுதியிருப்பதால் நாம் ஏமாறுகிறோம். கடையில் எண்ணெய் என்று கேட்டால் நல்லெண்ணெயா, தேங்காயெண்ணெயா, மண்ணெண்ணெயா என்று கேட்காமல் யாராவது ஊற்றிக் கொடுப்பார்களா?

பல்லுக்கு உரியது எர்பியம் லேசர். ஜெர்மனியில் உல்ம் நகரத்து ஹிப்ஸ்ட், கெல்லர் என்ற இருவர் 1989இல் இதைப் பற்றி எழுதினார்கள். இதன் அலைநீளம் 2,940 நானோமீட்டர்; தண்ணீருக்கு மிகவும் பிடித்த ஒளி இது. உலர்ந்த கல் போலத் தோன்றும் பல்லில் தண்ணீர் ஏது என்று கேட்கலாம். எனாமலில் எடைக்கு நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு உண்டு. டென்டினில் பத்துப் பங்கு வரை உண்டு. சொத்தை பிடித்து மெத்தென்று ஆன இடத்தில் இன்னும் அதிகம். லேசர் ஒளி பட்ட கணத்தில் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் பொங்கி வெடித்து, தன்னைச் சுற்றியுள்ள பல் துகளைப் பெயர்த்து வெளியே எறிகிறது. ஒரு துடிப்பு ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிப்பதில்லை. துடிப்புக்குத் துடிப்பு 'டப் டப்' என்று சிறு சத்தம் கேட்கும். சூடு உள்ளே இறங்குவதற்குள் துகள் தெறித்துப் போய்விடுகிறது. மேலே தண்ணீரும் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். மாணிக்க லேசர் தோற்ற இடத்தில் எர்பியம் ஜெயித்ததன் இரகசியம் இதுதான். சொத்தையில் தண்ணீர் அதிகமாதலால், நல்ல பல்லைவிடச் சொத்தைப் பகுதி சீக்கிரம் பெயர்கிறது என்பது இன்னொரு சௌகரியம். 1997இல் அமெரிக்க அரசு இதைப் பல் குடைவதற்கு அனுமதித்தது.

வலி இல்லையா? வலி குறைவு என்பதே சரியான பேச்சு. கருவி பல்லைத் தொடுவதில்லை, அதிர்வு இல்லை, அந்தச் சுழல் யந்திரத்தின் கீச்சுச் சத்தம் இல்லை. ஆகையால் பயந்த பிள்ளைகளும் பெரியவர்களும் மரத்துப்போகும் ஊசி இல்லாமலே பல சமயம் தாங்கிக்கொள்கிறார்கள். வைத்திய ஆராய்ச்சிகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற உலக அமைப்பு, 662 பேரைச் சேர்த்த 9 பரிசோதனைகளைப் பார்த்து 2016இல் தன் முடிவைச் சொல்லிற்று. லேசரில் வலி குறைவு, ஊசியின் தேவையும் குறைவு என்பதற்குச் சாட்சி உண்டு. ஆனால் சொத்தையை முழுவதும் எடுப்பதிலோ, அடைத்த பல் நீடித்திருப்பதிலோ சாதாரணக் கருவியை லேசர் விஞ்சிவிட்டது என்று சொல்லச் சாட்சி போதாது என்றது. நேரமும் கூடுதலாகப் பிடிக்கிறது. ஆக, கூடக் கொடுக்கும் வெள்ளி பெரும்பாலும் மனநிம்மதிக்கே. உறுதியான பல்லுக்கு அன்று. ஊசியைக் கண்டாலே அலறும் பிள்ளைக்கு அந்த மனநிம்மதி சிறிய காரியமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது நானாவிடம் வைத்தியர் சொன்னதற்கு வருவோம். அந்தப் பல்லில் முப்பது வருஷத்துக்கு முன் அடைத்த வெள்ளிநிற அடைப்பு, அதாவது பாதரசக் கலவை, இருந்தது. சொத்தை அதன் அடியில் கிளம்பியிருந்தது. பாதரச அடைப்பையும் உலோக உறையையும் லேசரால் எடுக்க முடியாது. உலோகம் ஒளியைத் திருப்பி அடிக்கும். சூடேறினால் பாதரச ஆவியும் கிளம்பும். எடுப்பதானால் சுழல் யந்திரம்தான் எடுக்க வேண்டும். "நீங்கள் எட்டு மாதம் காத்திருந்த லேசர் இந்தப் பல்லுக்கு ஆகவே ஆகாது. முதல் மாதமே வந்திருந்தால் ஊசி போட்டு, பழைய அடைப்பை எடுத்துப் புதிதாக அடைத்து அனுப்பியிருப்பேன்" என்று வைத்தியர் சொன்னாராம். நானா அதை என்னிடம் சொன்னபோது சிரிக்கவில்லை.

ஈறுக்கு வருவோம். இங்கே லேசர் மெய்யாகவே உதவுகிறது. பெரும்பாலான வைத்தியர்களிடம் இருப்பது டயோடு லேசர். 810, 940, 980 என்று எண்கள் இருக்கும். இரத்தத்தின் சிவப்பும் மெலனினும் வாங்கும் ஒளி இது. பல்லை இது வெட்டாது. வளர்ந்து மூடிய ஈறைச் சீர்செய்யவும், நாக்கின் அடியிலோ உதட்டின் உட்புறத்திலோ இழுத்துப் பிடிக்கும் சவ்வை விடுவிக்கவும் உதவும். வெட்டிக்கொண்டே இரத்தத்தையும் உறையவைத்துவிடுவதால் வைத்தியருக்குப் பார்வை தெளிவாக இருக்கும். பல வேளைகளில் தையலும் தேவைப்படாது. ஒரு வேடிக்கை: ஈறை வெட்டுமுன் கண்ணாடி இழையின் நுனியை ஒரு தக்கையிலோ நிறத் தாளிலோ தொட்டுக் கறுப்பாக்கிக்கொள்வார்கள். அந்தக் கறுப்பு ஒளியை வாங்கிச் சூடேறி, அந்தச் சூடே பெரும்பாலும் வெட்டுகிறது. கறுப்புத் துணிக் கதை இங்கும் வந்துவிட்டது பாருங்கள்.

சதை வெட்டுவதற்கு இன்னொன்று கரியமிலவாயு லேசர். இதை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் உண்டாக்கியவர் குமார் படேல்; மகாராஷ்டிரத்து பாராமதியில் பிறந்து பூனாவில் படித்த இந்தியர். நம் பக்கத்து மனிதர் ஒருவர் பெயரும் இந்தச் சரித்திரத்தில் இருக்கிறது என்பது எனக்குச் சந்தோஷம்.

நம்மவர்களுக்கு ஒரு விசேஷச் சொல் சொல்லவேண்டும். நம்மில் அநேகருக்கு ஈறு கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். அது மெலனினால் வந்த பிறவி நிறம், நோயன்று. சிகரெட் பிடிப்பவர்களுக்கு இன்னும் கறுக்கும். லேசரால் அந்தக் கறுப்பை எடுத்து ஈறைச் சிவப்பாக்க முடியும். ஆனால் காலம் சென்று கறுப்பு மறுபடியும் திரும்புவது உண்டு. கலியாணத்துக்கு முன் பெண்பிள்ளைகளுக்கு இதைச் செய்ய எண்ணுகிறவர்கள், இது அழகு வேலை, வைத்தியம் அன்று என்பதைத் தெரிந்துகொண்டு செய்யட்டும். ஒருவரும் சொல்லாமல் அந்தப் பிள்ளையே விரும்பிக் கேட்டால் அது வேறு.

ஈறில் சீழும் இரத்தமும் வந்து பல் ஆடுகிறதே, அதற்கு லேசர் போதாதா என்று கேட்பார்கள். போதாது. அந்த நோய்க்கு அடிப்படை, ஈறின் அடியில் பல்லோடு ஒட்டிக் கல்லாய்ப் போன அழுக்கு. அதைச் சுரண்டி எடுப்பதே சிகிச்சை. அமெரிக்காவின் ஈறு வைத்தியர் சங்கம் 2018இல் ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்து, சுரண்டிச் சுத்தம் செய்வதோடு லேசரையும் சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் பலன் சிறிதே என்றது. நீரிழிவு உள்ளவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்; நீரிழிவு ஈறு நோயை வளர்க்கும், ஈறு நோய் நீரிழிவை அடங்கவிடாது. இவர்கள் லேசருக்காகக் காத்திராமல் சுத்தம் செய்துகொள்ள வேண்டும்.

லேசர் அல்லாததையும் லேசர் என்று நம்பிவிடுகிறோம். பல்லில் வெள்ளைப் பசையை வைத்து, நீல ஒளியைப் பிடித்து இறுகவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் சாதாரண எல்.இ.டி. விளக்கு, ஏறக்குறைய 470 நானோமீட்டர் நீல ஒளி. அடைப்புப் பசையில் கலந்துள்ள ஒரு மருந்து அந்த ஒளியை வாங்கி இறுகுகிறது. "எனக்கு லேசரில் அடைத்தார்கள்" என்று பெருமையாகச் சொல்கிறவர்களில் பலர் கண்டது இதைத்தான். பல்லை வெளுக்கவைக்கும் வேலையிலும் அப்படியே. வெளுக்கவைப்பது பூசுகிற மருந்து, ஒளி அதற்குக் கூட்டுவது சொற்பம்.

பரிசோதனைக்கு உள்ள லேசர் சிறியது, பேனா போன்றது, 655 நானோமீட்டர் சிவப்பு ஒளி. பல்லின் பள்ளங்களில் அதைக் காட்டினால், சொத்தைக் கிருமிகள் விட்டுச்சென்ற கழிவு அதிகமாக ஒளிரும்; யந்திரம் 0 முதல் 99 வரை எண் காட்டும். வெற்றிலைக் காவியும் தேநீர்க் கறையும் இருந்தாலும் எண் ஏறிவிடும். எனவே எண்ணை மட்டும் பார்த்துப் பல்லைக் குடையக் கூடாது. கண்ணாலும் படத்தாலும் பார்த்து ஒப்பிடவேண்டும்.

வெட்டாத, சுடாத மெல்லிய லேசரும் உண்டு. 1967இல் ஹங்கேரியில் எண்ட்ரே மெஸ்டர் என்ற வைத்தியர், எலிகளின்மீது மாணிக்க லேசரைக் காட்டிப் பார்த்தபோது, மழித்த இடத்தில் முடி வேகமாக முளைப்பதைக் கண்டார். அதிலிருந்து ஆற்றும் ஒளி என்ற ஒரு துறையே பிறந்தது. இதன் பெயரால் இன்று பற்பல விளம்பரங்கள் நடமாடுகின்றன, எல்லாவற்றையும் நம்பவேண்டாம். ஆனால் ஓரிடத்தில் இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. புற்றுநோய்க்கு மருந்தோ கதிர்வீச்சோ பெறுகிறவர்களுக்கு வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சிகூட விழுங்க முடியாமல் போவது உண்டு. அப்படிப் புண் வராமல் தடுக்க, குறிப்பிட்ட சில சிகிச்சைகளின்போது இந்த மெல்லிய ஒளியை வாயினுள் காட்டும்படி 2020இல் வெளியான சர்வதேச வழிகாட்டி சிபாரிசு செய்கிறது. வீட்டில் அத்தகைய நோயாளி இருப்பவர்கள், சிகிச்சை தொடங்குமுன்பே இந்த வசதி கிடைக்குமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டுவையுங்கள். பல் வைத்திய லேசரில் என் மனத்துக்கு மிகவும் உகந்தது இதுவே.

அபாயம் என்ன? லேசர் ஒளி எக்ஸ்ரே கதிர் போன்றது அன்று. அந்த வகைக் கதிர்வீச்சு இதில் இல்லை. அபாயமெல்லாம் சூட்டினாலும் கண்ணினாலுமே. கைக்கண்ணாடியிலோ உருக்குக் கருவியிலோ பட்டுத் தெறித்த ஒளியும் கண்ணைக் கெடுக்கும். டயோடு ஒளி கண்ணின் ஆழத்துத் திரைவரை போய்ச் சுடும். எர்பியம் ஒளி கண்ணின் மேற்பரப்பைச் சுடும். ஆகையால் வைத்தியர், உதவியாள், நோயாளி, துணைக்கு உட்கார்ந்திருக்கும் தாய் எல்லாருமே கண்ணாடி போடவேண்டும். அதுவும் அந்த லேசரின் அலைநீளத்துக்கென்று செய்த கண்ணாடி. அதன் எண் கண்ணாடியிலேயே அச்சிட்டிருக்கும். வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி உதவாது. சதையை வெட்டும்போது எழும் புகையையும் உறிஞ்சுகுழாய் வைத்து இழுத்துவிடவேண்டும்.

ஆகவே லேசர் சிகிச்சைக்குச் சம்மதிக்குமுன் வைத்தியரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். எந்த லேசர், எண் என்ன? என்னுடைய இந்தப் பல்லுக்கு, இந்த ஈறுக்கு, அது எதற்காக? சாதாரண முறையில் செய்தால் செலவு எவ்வளவு, பலனில் என்ன குறை? இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், லேசரில் இரத்தம் வராது என்ற எண்ணத்தில் அதைச் சொல்லாமல் இருந்துவிடக் கூடாது. மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது. நல்ல வைத்தியர் இக்கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார்.

நானா போன மாதம் மேல்வரிசைப் பல் ஒன்றில் கூச்சம் கண்டவுடனே போய்க் காட்டினார். ஊசி போட்டு, சாதாரண யந்திரத்தாலேயே சுத்தம் செய்து, நாற்பது நிமிஷத்தில் அடைத்து அனுப்பிவிட்டார்கள். அன்று மாலை கடைக்கு வந்தவருக்குத் தேநீர் வரவழைத்தேன். உதடு இன்னும் மரத்திருக்கிறது, சூடு தெரியாமல் வாயைச் சுட்டுக்கொள்வேன், ஆறட்டும் என்று கோப்பையைத் தள்ளி வைத்தார்.